கிளட்ச் இல்லாத லாரியும் பாலாற்று ஏற்றமும்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். வாழ்க்கையில் பாதியை லாரிக்கு அடியில் படுத்தே கழித்தவன் நான். உலகத்தைக் கீழேயிருந்து மேலே பார்த்துப் பழகியவன் என்ன பெரிதாகச் சொல்லிவிடப்போகிறான்? ஓய்வு பெற்றதற்கும் பெரிய காரணம் கிடையாது. வண்டிக்கு அடியில் போவேன் என்று நானும், போக விட மாட்டேன் என்று என் வயிறும் ஒரு நாள் மல்லுக்கு நின்றோம். வயிறு ஜெயித்தது. பட்டறையை மூடிவிட்டு வீட்டில் மிக்ஸி பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் என் மனைவி பார்க்காத நேரத்தில்.

எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் கையில் இருக்கும் போனிலும் இருக்கிறது. ஊரே சுற்றி நின்று சிரிக்கும்போது ஒரு மெக்கானிக் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் எதிலும் இல்லை. எனக்குத் தெரிந்த வரையில் அதைச் சொல்கிறேன்.

மோசஸ் என்று ஒரு டிரைவர். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் என் பட்டறை, நாலு வீடு தள்ளி அவர் வீடு. அவருடைய அப்பா தென்னேரிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகன் லாரி ஓட்டினார். ஏர் ஓட்டியவர் மகன் ஸ்டியரிங் பிடிப்பதை எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் அரிசி மில்லில் லோடு ஏற்றும்போது மூட்டை அடுக்கு சரிந்து அவருடைய இடது முழங்காலில் விழுந்தது. கால் பிழைத்தது, ஆனால் மடங்க மறுத்துவிட்டது. நீட்டினால் நீட்டினபடியே, தண்ணீர் பைப் மாதிரி. கிளட்ச் மிதிக்க முடியாத டிரைவரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? கொஞ்ச காலம் அதே மில் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்து, உள்ளே போகிற லாரிகளுக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவரும் அவர் மனைவி எஸ்தரும் எங்கோ ஏலத்தில் ஒரு லாரியைப் பிடித்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். துறைமுகத்தில் உழைத்துக் களைத்த வெளிநாட்டு வண்டி. அதில் கிளட்ச் கிடையாது. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். டிரைவருக்கு வலது கால் ஒன்று போதும். கூடவே வந்த பழைய என்ஜின் செத்துப்போய், யாரோ ஒரு மகானுபாவர் நம் ஊர் டீசல் என்ஜினை அதற்குள் வைத்திருந்தார். இது தொண்ணூறுகளின் கடைசி. கிளட்ச் இல்லாத லாரியை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்தது கிடையாது. கியர் போடும் சத்தமே வராததால் லாரி ஸ்டாண்டில் அதற்கு ‘ஊமையன்’ என்று பெயர் வைத்தார்கள். அதை ஓட்ட அனுமதி வாங்க மோசஸ் ஆபீஸ் ஆபீஸாக நடந்த நடையில் நல்ல காலும் தேய்ந்திருக்கும். விடாமல் வாங்கிவிட்டார். எஸ்தர் அவருக்கு கிளீனர்.

ஓரிக்கை தாண்டி பாலாற்றில் அப்போது மணல் எடுக்கும் துறை ஒன்று இருந்தது. ஒரு வழியாக ஆற்றுக்குள் இறங்கி, மணல் ஏற்றிக்கொண்டு, வேறு வழியாகக் கரைக்கு ஏற வேண்டும். அந்த ஏற்றம் ஒரே ஒரு லாரி அகலம். மேலே மணலுக்கான அனுமதிச் சீட்டு பார்க்கும் இடத்தில் ஒரு வண்டி நின்றால், பின்னால் வருவதெல்லாம் ஏற்றத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஏற்றத்தில் நின்ற லோடு வண்டியை மறுபடி எடுப்பதற்கு எல்லோருக்கும் ஒரே முறை. கிளீனர் குதித்துப் போய்ப் பின்சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைப்பான். டிரைவர் பாதி கிளட்சில் உறுமிக்கொண்டு எடுப்பார். கிளீனர் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்து தொற்றிக்கொள்வான்.

ஊமையனுக்குக் கட்டை வேண்டாம். ஆக்சிலேட்டரைத் தொடாவிட்டாலும் அதன் என்ஜின் சக்கரத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் ஏற்றத்தில் விட்ட இடத்தில் நிற்கும். எஸ்தர் இதை ஊருக்கே சொல்லிவிட்டாள்.

“கட்டை, முட்டு எல்லாம் உங்க வண்டிக்குத்தாம்பா. எங்களுது மானமா தானா நிக்கும்.”

நிற்பது சரி. கிளம்புவதில்தான் ஊமையனுக்குச் சோம்பல். ஆக்சிலேட்டரை மிதித்தால் முனகும், யோசிக்கும், நம்மைத் திரும்பிப் பார்க்காத குறையாக நிற்கும், பிறகுதான் நகரும். வாலாஜாபாத் ரயில்வே கேட் திறந்தால் பின்னால் இருக்கும் சைக்கிளெல்லாம் முந்திக்கொண்டு போய்விடும். ஆற்று ஏற்றத்தில் அது நகர்வதற்குள் பின்னால் நிற்கும் டிரைவர்கள் ஹாரனை விட்டு கையையே எடுக்க மாட்டார்கள்.

லாரிக்காரர்கள் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். அவருக்கே நிறைய லாரிகள். துறையில் எந்த வண்டிக்கு எப்போது முறை என்று முடிவு செய்வது அவர்தான். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா, ஒன்றில்கூட மை இருந்து நான் பார்த்ததில்லை. அவர் ஒரு நாள் மோசஸைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னாராம்.

“மோசே, உன் வண்டியால துறையே நிக்குது. ஒண்ணு, எல்லாரு மாதிரி கிளட்ச் வெச்ச கியர்பாக்ஸ் மாத்து. இல்லன்னா வர்ற திங்கக்கெழம லோடோட ஏத்தத்து நடுவுல நிறுத்தி, ஒரே மூச்சுல எடுத்துக் காட்டு. ரெண்டும் முடியலன்னா உனக்கு முறை கெடையாது.”

கூட இருந்தவர்களில் ஒருவன், “கிளட்ச் இல்லாத வண்டி, கால் இல்லாத டிரைவரு, பொருத்தம் நல்லாத்தான் இருக்குது” என்றானாம்.

அன்று சாயங்காலமே இருவரும் என் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். நான் புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

“மோசஸ், தலைவரு சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்குது. கிளட்ச் கியர்பாக்ஸ் ஒண்ணு பாத்து மாட்டிட்டா...”

எஸ்தர் முடிக்க விடவில்லை.

“ஏண்ணா, மாட்டிட்டு? கிளட்ச்ச யாரு மிதிக்கறது, நீ பக்கத்துல குந்திக்கினு மிதிப்பியா?”

“இல்லம்மா, ஒரு டிரைவர வெச்சுக்கினா...”

“எங்க வூட்டுக்காரரு வண்டியில இன்னொருத்தன் ஓட்டுவான், இவரு திரும்பப் போய் மில்லு வாசல்ல சல்யூட் அடிப்பாரு. அதுக்கா ண்ணா வண்டி எடுத்தோம்?”

மோசஸ் நீட்டிய காலைக் கையால் தூக்கி வேறு பக்கம் வைத்தார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தலைவர் கியர்பாக்ஸை மாற்றச் சொல்லவில்லை, டிரைவரை மாற்றச் சொல்லியிருக்கிறார். என் சட்டையில் இருந்த கிரீஸெல்லாம் மூளைக்குள்ளும் போய்விட்டது என்று என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

முதல் பாடம் இதுதான், இதை நான் சொல்லாமலே நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். வண்டியில் எந்தப் பாகத்தைக் கழற்றுவதற்கு முன்னாலும், அந்தப் பாகம் யாரைச் சீட்டில் உட்கார வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

“சரி, கிளட்ச் வேணாம். ஊமையனையே கிளப்பலாம்” என்றேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். என் தொழிலில் முக்கால்வாசி முடிவுகள் அப்படித்தான் எடுக்கப்பட்டன.

அந்த மாதிரி வண்டியில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். எண்ணெய் நிரம்பிய ஒரு உருண்டைப் பெட்டி. உள்ளே இரண்டு விசிறிகள் முகம் பார்த்துக்கொண்டு நிற்கும், ஒன்றை ஒன்று தொடாது. ஒன்றை என்ஜின் சுற்றும். அது வீசுகிற எண்ணெய் அடுத்ததைச் சுற்றும். அதுதான் சக்கரத்துக்குப் போகும். ஊமையனில் இருந்த கன்வெர்ட்டர் அதன் பழைய என்ஜினுக்கு ஏற்றது. நம் ஊர் டீசல் என்ஜினுக்கு அது இறுக்கம். என்ஜின் வேகம் எடுப்பதற்குள்ளேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளச் சொன்னது. பாவம், மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? கொஞ்சம் தளர்ந்த கன்வெர்ட்டர் வைத்தால் என்ஜின் முதலில் வேகம் எடுக்கும், பலம் வந்த பிறகு சக்கரத்தைத் தள்ளும். வண்டி துள்ளிக் கிளம்பும்.

சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு நாள் முழுக்க இரும்புக் குவியலுக்குள் கோழி மாதிரி கிளறி, கல் குவாரியில் ஓடிக் கழிந்த ஒரு லோடர் வண்டியின் கன்வெர்ட்டரைக் கண்டுபிடித்தேன். கிட்டத்தட்ட அதே அளவு என்ஜினுக்குப் போட்டது. கடைக்காரர், “லாரிக்கா? லாரிக்கு எதுக்கு நைனா இது?” என்று கேட்டார். “கல்யாணத்துக்குச் சீர் செய்யறேன்” என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். பொருத்துவதற்கு நடுவில் ஒரு வளையம் கடைந்து போட வேண்டியிருந்தது. எண்ணெயை ஆற வைக்கிற ரேடியேட்டர் ஒன்றைக் கூடுதலாக முன்னால் கட்டினேன். எண்ணெய்ச் சூடு காட்டும் முள் ஒன்றை டிரைவர் எதிரில் வைத்தேன். மற்ற விவரமெல்லாம் உங்களுக்கு அலுப்பு.

காலி வண்டியில் வாலாஜாபாத் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். மோசஸ் மிதித்தார். என்ஜின் ஒரு கணம் தனியாகக் கத்தியது, அடுத்த கணம் வண்டி எகிறியது. நான் சீட்டோடு சேர்ந்து பின்னால் போனேன், வயிறு மட்டும் கொஞ்சம் கழித்து வந்து சேர்ந்தது. எஸ்தர் சிரித்த சிரிப்பில் சாலையோரம் போன மாடு மிரண்டது.

பிறகு லோடு ஏற்றி, ஒரு மேட்டில் நிறுத்திப் பார்த்தோம். அங்கேதான் விஷயம். மோசஸ் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குக் கொண்டுபோவதற்குள் வண்டி பின்னால் உருண்டது. பழைய கன்வெர்ட்டர் இறுக்கமாக இருந்ததால்தான் அது தானாக நின்றது. தளர்த்தினோம், கிளம்புகிற பலம் வந்தது, நிற்கிற பலம் போனது. இரண்டும் ஒரே எண்ணெயில் இருந்து வருகிறது. ஒன்றைக் கேட்டால் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். ஹேண்ட் பிரேக் லோடு வண்டியை மேட்டில் பிடிக்கிற அளவுக்கு இல்லை.

“ஆக்சிலேட்டர கொஞ்சம் மிதிச்சாப்பல வெச்சா நிக்குமில்ல?” என்றார் மோசஸ்.

“நிக்கும். ஆனா சக்கரம் சுத்தாம உள்ள எண்ணெய் மட்டும் சுத்தும். சூடாவும். கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் உள்ள இருக்கறதெல்லாம் வெந்துடும்.”

“அப்ப கட்டை வெக்கணும்.”

“வெக்கணும்.”

இருவரும் எஸ்தரைப் பார்த்தோம். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் புளியமரத்துக் கட்டை ஒன்றை ஆப்பாகச் செதுக்கி, சாக்கில் சுற்றி, சீட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் தள்ளிவைத்தாள்.

திங்கள்கிழமை துறையில் ஒரே கூட்டம். லாரிக்காரர்கள், மணல் வாருகிறவர்கள், சும்மா வந்தவர்கள். சும்மா வந்தவர்கள்தான் முன்வரிசை. டீக்காரர் ஒருவர் கடையையே சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நானும் எஸ்தரும் மோசஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். லோடோடு ஏறி, ஏற்றத்தின் நடுவில் மோசஸ் பிரேக் போட்டார். பின்னாலேயே தலைவருடைய லாரி ஒன்று, லோடோடு, ஒட்டினாற்போல் வந்து நின்றது. அதற்கும் பின்னால் வரிசை. பின்னால் உருளுவதற்கு இடமே இல்லை.

எஸ்தர் சீட்டுக்கு அடியில் கை விட்டாள். தலைவர் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்.

“ஏம்மா, கையில இன்னா அது? கட்டையா? தானா நிக்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச! பிரேக்கையும் வுட்டுட்டு நிக்கட்டும். கட்டை வெச்சா ஆட்டம் முடிஞ்சுது. நான் கை காட்டறப்ப எடுத்தா போதும்.”

எஸ்தர் கையை வெளியே எடுத்தாள். வெறும் கை. மோசஸ் பிரேக்கை விட்டார், வண்டி லேசாக உருள ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தார். வண்டி நின்றது. என்ஜின் கத்திக்கொண்டே இருந்தது.

தலைவர் கை காட்டவில்லை. பின்னால் போனார். சக்கரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரிடமோ நலம் விசாரித்தார். டீ வாங்கினார். ஊதி ஊதிக் குடித்தார். உலகத்தில் அவ்வளவு சூடான டீயை நான் பார்த்ததில்லை, அதைவிடச் சூடாக ஒன்று என் காலுக்குக் கீழே இருந்தது. கூட்டம் கத்தியது. “ஊமையன் பேசறான்டோய்!” என்று ஒருவன். “சீக்கிரம் எடு மோசே, எங்க மணலு முளைச்சிடப் போவுது!” என்று இன்னொருவன்.

தம்பிகளே, நான் சொல்ல வந்த இடம் இதுதான். அந்த நேரத்தில் மனிதனுக்குக் கண் தானாகக் கூட்டத்தின் பக்கம் போகும். யார் சிரிக்கிறான், யார் சிரிக்கவில்லை என்று எண்ணத் தோன்றும். எனக்கும் தோன்றியது, எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நல்லவேளை, மூக்கு கூட்டத்தைப் பார்க்கவில்லை. வடைச்சட்டி கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. திரும்பி முள்ளைப் பார்த்தேன். சிவப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

“மோசஸ், பிரேக் போடு. போதும்.”

“கை காட்டலியே ண்ணா.”

“அவரு காட்ட மாட்டாரு. உள்ள வேவற வரைக்கும் டீ குடிப்பாரு.”

“இப்ப வுட்டா சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும்பா. சிரிப்பால கன்வெர்ட்டர் எரியாது. நீ புடிச்சா எரியும். அது எரிஞ்சா வண்டி இல்ல. வண்டி இல்லன்னா உனக்கு டிரைவர் சீட்டு இல்ல. யாருக்கு லாபம்?”

அவருடைய வலது கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது. எடுக்கவில்லை. மானம் என்பது அவ்வளவு கனம். நான் இன்னும் என்னவெல்லாமோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் பக்கத்துக் கதவு திறந்தது. எஸ்தர் சாக்கை உருவிப் போட்டுவிட்டு, கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினாள். மறைக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, கோயில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதுபோல நடந்தாள். பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, காலால் இரண்டு உதை விட்டாள்.

“ஓல்டான்! கட்டை வெச்சாச்சு. வுடுய்யா!”

மோசஸ் காலை எடுத்தார். வண்டி கட்டையில் சாய்ந்து நின்றது. கூட்டம் ஓவென்று கத்தியது. தலைவர் டீ கிளாஸோடு ஓடி வந்தார்.

“முடிஞ்சுது! கட்டை வெச்சுட்டாங்க, எல்லாரும் பாத்துக்கங்க!”

நான் இறங்கினேன். இறங்கினேன் என்று சொல்வது மரியாதைக்காக. படியில் வேட்டி மாட்டி மணலில் உட்கார்ந்தேன். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே மோசஸிடம் கத்தினேன்.

“நியூட்ரல்ல போட்டு, என்ஜின அணைக்காம கொஞ்சம் வேகமா ஓடவுடு. எண்ணெய் சுத்தி வந்து ஆறட்டும்.”

என்ஜின் சத்தம் போட்டது, வண்டி நகரவில்லை. பார்க்கிறவர்களுக்கு அதைவிட வேடிக்கை கிடையாது. பின்னால் வரிசை முழுக்க ஹாரன். தலைவர் என் முகத்துக்கு நேராக வந்தார்.

“இன்னாய்யா மேஸ்திரி, நடு ஏத்தத்துல கச்சேரி பண்றீங்களா? வழிய வுடு.”

“ஆறட்டும் தலைவரே.”

“எவ்ளோ நேரம்?”

“உங்க டீ ஆற எவ்ளோ நேரமாச்சோ அவ்ளோதான்.”

இதைச் சொன்னது நானா என்று எனக்கே இன்றைக்கும் சந்தேகம். வீட்டில் நான் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, ஜன்னல் வழியாக முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். வண்டியை எடு என்று ஆர்டர் போட உலகத்தில் எல்லோருக்கும் உரிமை உண்டு. முள் இறங்குவதற்கு முன்னால் எடுக்க வைக்கிற உரிமை யாருக்கும் கிடையாது, அவர் பாக்கெட்டில் எத்தனை பேனா இருந்தாலும்.

முள் இறங்கியது. சக்கரத்துக்குப் பின்னால் எஸ்தர் குனிந்து நின்றாள். நான் கை காட்டினேன். தலைவர் காட்டாத கையை யாராவது காட்ட வேண்டுமே. மோசஸ் மிதித்தார். என்ஜின் ஒரு கத்துக் கத்தியது, ஊமையன் கட்டையை விட்டு எகிறினான். ஓர் அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. சக்கரம் வாரி அடித்த மணல் என் மேலும் தலைவர் மேலும் பாரபட்சமில்லாமல் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் பார்க்கும்போது வண்டி மேலே போய்விட்டிருந்தது. எஸ்தர் கட்டையோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அதுவரை சிரித்த கூட்டம் வாயை மூடியது. மணல் வாருகிற பெண்கள் மட்டும் விசில் அடித்தார்கள்.

நாங்கள் மேலே போனபோது தலைவர் சட்டையை உதறிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

“கட்டை வெச்சீங்க. அதனால முறை இல்ல.”

எஸ்தர் கட்டையை அவர் காலடியில் போட்டாள்.

“இங்க எந்த வண்டி கட்டை இல்லாம ஏறுது? உங்க வண்டி பின்னாலயே நிக்குது, அதுக்கு அடியில இன்னா இருக்குதுன்னு போய்ப் பாருங்க. அது கட்டை இல்லாம இன்னா, பூவா?”

“நீதானம்மா தானா நிக்கும்னு சொன்ன?”

“சொன்னேன். இப்ப நிக்கல. இப்ப கெளம்புது. அதத்தான கேட்டீங்க?”

“சட்டம்னா சட்டம்” என்றார் தலைவர்.

மோசஸ் வண்டியை எடுத்தார். ஏற்றம் முடிகிற வாயில், சீட்டு பார்க்கும் இடத்துக்கு முன்னால், குறுக்காகக் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கினார். ஓரத்து வேலமர நிழலில் போய், நீட்டிய காலை நீட்டியபடியே உட்கார்ந்தார்.

“முறை கூப்பிடுங்க, எடுக்கறேன்” என்றார்.

“யோவ், வழியில வுட்டுட்டு குந்திக்கினா எப்படி? எடுய்யா!”

“சாவி வண்டிலதான் இருக்குது. யாருக்கு வழி வேணுமோ எடுத்து ஓரமா வுட்டுக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

தலைவர் தன்னுடைய டிரைவர் பாபுவைக் கூப்பிட்டார். பின்னால் நின்ற லாரியை ஓட்டியவன், துறையிலேயே கெட்டிக்கார டிரைவர் என்று பெயர். ஒரே தாவில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினான். கியர் கம்பி நியூட்ரலில் இல்லாவிட்டால் ஊமையனுக்கு உயிர் வராது. என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அன்று வானத்தில் பார்ப்பதற்கு நிறைய இருந்தது.

எப்படியோ கம்பியை இப்படியும் அப்படியும் ஆட்டி ஸ்டார்ட் செய்துவிட்டான். வண்டி நகர்ந்தது. பழக்கம் விடுமா? கியர் மாற்றுகிற நினைப்பில் இடது காலைத் தூக்கிக் கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஓங்கி மிதித்தான். அங்கே இருந்தது அகலமான பிரேக். லோடு வண்டி குலுங்கி நின்றது. பாபு ஸ்டியரிங்கில் மோதிக்கொண்டான். மேலே இருந்த மணல் ஒரு கூடை அளவு கேபின் மேல் சரிந்தது. கூட்டம் இப்போது யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று முடிவு செய்துவிட்டது. அவன் விடவில்லை. மறுபடி எடுத்தான், மறுபடி இடது கால், மறுபடி மோதல். அடுத்து ஏறியவனும் அதையேதான் செய்தான். எல்லோருக்கும் இரண்டு நல்ல கால்கள். அதுதான் பிரச்சினை.

ஏற்றம் முழுக்க லாரிகள். எல்லாவற்றுக்கும் அடியில் கட்டை. பின்னால் வரிசையில் நின்ற சங்கத்துக்காரர்களே கத்த ஆரம்பித்தார்கள்.

“தலைவரே, அவன் முறைய குடுத்துத் தொலைங்க! எங்க லோடு நிக்குது!”

“காலையிலேர்ந்து நிக்கறோம், உங்க சட்டத்துக்கு நாங்களா கெடச்சோம்?”

தலைவர் சீட்டு எழுதுகிறவரிடம் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார்.

“கேக்கல!” என்றாள் எஸ்தர்.

சீட்டு எழுதுகிறவர் எழுந்து நின்று கூப்பிட்டார். “மோசஸ் வண்டி! அடுத்த நடை உண்டு. எடுப்பா!”

மோசஸ் உடனே எழுந்துவிடவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நீட்டிய காலைக் கையால் தூக்கித் திருப்பி, மரத்தைப் பிடித்து, நிதானமாக எழுந்து, அவருக்கே உரிய நடையில் வண்டிக்கு வந்தார். பாபு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இறங்கி வழி விட்டான்.

“ண்ணா, ஒண்ணு மட்டும் சொல்லிட்டு போ” என்றான். “இதுல இந்த எடது கால எங்க ண்ணா வெக்கறது?”

மோசஸ் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

“வூட்லயே வெச்சிட்டு வாப்பா.”